விளைச்சலை ஏற்றிக்கொள்ளும் பாதை வேண்டும்: ஜோலார்பேட்டை – கிருஷ்ணகிரி – ஓசூர் ரயில் பாதையை அளப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தெற்கு ரயில்வே, தென்மேற்கு ரயில்வே பொது மேலாளர்களுக்கும், அவற்றின் கட்டுமானப் பிரிவு அதிகாரிகளுக்கும், திருப்பத்தூர், கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்களுக்கும் வணக்கம்.

ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் வரை சுமார் 100 கி.மீ. நீளத்துக்குப் புதிய ரயில் பாதை போடும் பேச்சு எங்கள் பக்கத்தில் பல வருடங்களாக நடக்கிறது. ஆய்வு செய்தார்கள், கட்டுபடியாகாது என்று கிடப்பில் போட்டார்கள், மறுபடியும் எடுத்தார்கள். இப்போது இறுதி இட அளவை, அதாவது பாதை எந்த இடம் வழியாகப் போகும் என்று நிலத்தில் அளந்து குறிக்கும் வேலை வரைக்கும் வந்திருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் இந்தப் பாதையைப் பற்றி யார் பேசினாலும் பயணிகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஓசூர் ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள், பெங்களூருக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள், கிருஷ்ணகிரி என்ற மாவட்டத் தலைநகருக்கு ஒரு ஸ்டேஷன் கூட இல்லாத குறை. எல்லாம் நியாயமான தேவைதான். என் கோரிக்கை வேறொன்று. இந்தப் பாதையை எங்கள் புளியையும் மாங்காயையும் தேங்காயையும் தக்காளியையும் ஏற்றிக்கொள்ளும் பாதையாக வரையுங்கள். பாதை போட்டு முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. திருப்பத்தூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே ஏற்கனவே ஒரு ரயில் ஓடியது. 1905-ல் தொடங்கி சுமார் 30 வருடம் ஓடி, அப்புறம் தண்டவாளம் உட்பட இல்லாமல் போனது. அது ஏன் நிலைக்கவில்லை என்பதைப் புதிய பாதையை அளக்கிறவர்கள் ஒருமுறையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அந்த ரயில் நேரோ கேஜ். தண்டவாளங்களுக்கு நடுவே 2 அடி 6 அங்குலம், இன்றைய கணக்கில் 762 மி.மீ. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சுமார் 25 மைல். அடுத்த வருடமே, 1906-ல், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இன்னொரு நேரோ கேஜ் பாதை, சுமார் 18 மைல். அதை 1913-ல் பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் வரைக்கும் நீட்டினார்கள். அப்போது திருப்பத்தூர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருப்பத்தூர் தாலுகாவை வட ஆற்காட்டோடு சேர்த்தார்கள். ஆக, பாதை போட்ட ஆறே வருடத்தில் அதன் ஒரு முனை வட ஆற்காட்டிலும் மறுமுனை சேலத்திலும் ஆகிவிட்டது. ஒரு மாவட்டமும் அதைத் தன்னுடையது என்று முழுதாக நினைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஜோலார்பேட்டை தெற்கு ரயில்வேயில் இருக்கிறது, ஓசூர் தென்மேற்கு ரயில்வேயில் இருக்கிறது. இந்த மடலை இரண்டு பொது மேலாளர்களுக்கும் சேர்த்து எழுதுவது அதனால்தான்.

அந்தப் பாதை பிறந்ததற்குக் காரணம் பஞ்சம். தாது வருஷப் பஞ்சம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871 கணக்கெடுப்புக்கும் 1881 கணக்கெடுப்புக்கும் நடுவே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. சென்னையிலிருந்து மேற்கே போகும் பெரிய பாதை 1860களின் தொடக்கத்திலேயே திருப்பத்தூர், மொரப்பூர் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அதாவது தானியம் ஸ்டேஷன் வரைக்கும் வந்து சேர வழி இருந்தது. அங்கிருந்து உள்ளே இருக்கும் கிராமங்களுக்கு வண்டி கட்டிப் போக வேண்டும். பஞ்சத்தில் மாடுகளும் செத்துக்கொண்டிருக்கும்போது வண்டியை எது இழுக்கும்? 1880-ல் பஞ்ச ஆணையம் அறிக்கை கொடுத்தது. லாபம் பார்க்காமல், பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுபோகக் காப்புப் பாதைகள் போட வேண்டும் என்ற கருத்து அதில்தான் வலுப்பெற்றது. திருப்பத்தூர் – கிருஷ்ணகிரியும் மொரப்பூர் – தருமபுரியும் அந்த வகையில் வந்த பாதைகள். உயிர் காக்கப் போட்ட பாதை என்பதால் அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் அதிலேயே ஒரு குறையும் இருந்தது. தானியத்தை உள்ளே கொண்டுவருவதற்காக யோசித்த பாதை அது. உள்ளே விளைந்ததை வெளியே கொண்டுபோவதற்காக யோசித்ததல்ல. பஞ்சம் இல்லாத வருடத்தில் அந்த ரயில் என்ன சுமக்கும், யாருடைய சரக்கை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்ற கேள்விக்கு அந்த அமைப்பில் நல்ல பதில் இல்லை.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், உடனே விளங்கிவிடும். திருப்பத்தூரில் கிளம்பும் பாதை கிருஷ்ணகிரியில் முடிந்துவிடுகிறது. அதற்கு அந்தப் பக்கம் எதுவும் இல்லை. மொரப்பூரில் கிளம்பும் பாதை ஓசூரில் முடிகிறது. ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கி.மீ. தான். இருந்தும் இணைப்பு இல்லை. கிருஷ்ணகிரிக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவே இணைப்பு இருந்திருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே வலையாகி இருக்கும். அதுவும் நடக்கவில்லை. ஒரே கேஜில், பக்கத்துப் பக்கத்துத் தாலுகாக்களில், ஒன்றையொன்று தொடாத இரண்டு முட்டுப் பாதைகள். கிருஷ்ணகிரி வியாபாரிக்கு மேற்கே பெங்களூர்ச் சந்தை கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. அவர் ரயிலில் சரக்கு போட்டால் அது கிழக்கே திருப்பத்தூர் வந்து, ஜோலார்பேட்டை சுற்றித்தான் பெங்களூர் போக முடியும்.

சரி, திருப்பத்தூர் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? அங்கே பெரிய பாதை அகலப்பாதை, 5 அடி 6 அங்குலம். சின்ன வேகன் அதில் ஏறாது. இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். கிருஷ்ணகிரிச் சந்தைக்கு ஒரு விவசாயி வண்டியில் புளி மூட்டை கொண்டுவருகிறார். வண்டியிலிருந்து இறக்கிக் குடோனில் அடுக்க ஒரு கூலி. குடோனிலிருந்து சின்ன வேகனில் ஏற்ற ஒரு கூலி. திருப்பத்தூரில் சின்ன வேகனிலிருந்து இறக்கி மேடையில் போட ஒரு கூலி, அங்கிருந்து தூக்கிப் பெரிய வேகனில் போட இன்னொரு கூலி. ஒரு பெரிய வேகன் நிறைய வேண்டுமென்றால் இரண்டு மூன்று சின்ன வேகன் சரக்கு வர வேண்டும், அதுவரை மூட்டைகள் மேடையில் காத்துக் கிடக்கும். புளி ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். தை, மாசியில் அடித்து இறக்கி, ஓடு உடைத்து, கொட்டையும் நாரும் எடுத்து, பளிச்சென்று சிவப்பாக இருக்கும் புதுப்புளி, ஈரக்காற்று பட்டால் பிசுபிசுத்துக் கருக்க ஆரம்பித்துவிடும். கருத்த புளிக்கு மண்டியில் விலை இறங்கிவிடும். சாக்கு கிழிந்து சிந்துவது தனி, எடை குறைந்து போவது தனி. இருபத்தைந்து மைல் பயணத்துக்கு இத்தனை கை மாற வேண்டும் என்றால், கட்டை வண்டியே தேவலை என்று ஒரு விவசாயி நினைத்தால் அதில் தப்பில்லை.

அப்புறம் மோட்டார் வந்தது. 1920களிலும் 1930களிலும் பஸ்ஸும் லாரியும் சாலைகளில் பெருகின. ரயிலுக்கும் சாலைக்கும் நடந்த போட்டியைப் பற்றி விசாரிக்க 1930களின் தொடக்கத்திலேயே இந்திய அரசு மிட்செல், கிர்க்னெஸ் என்ற இரண்டு அதிகாரிகளை நியமிக்கும் அளவுக்கு அது பெரிய பிரச்சினையாகி இருந்தது. லாரி வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டது, போய்ச் சேர வேண்டிய மண்டி வாசலிலேயே இறக்கியது. நடுவில் கை மாறவில்லை. அதே சமயத்தில் உலகப் பொருளாதார மந்தத்தில் விளைபொருள் விலை சரிந்து, ரயில் கம்பெனிகளின் வருமானமும் விழுந்தது. வருமானம் இல்லாத கிளைப் பாதைகள்தான் முதலில் கணக்கில் உதைத்தன. பின்னாலேயே இரண்டாம் உலகப் போர், இரும்புக்குத் தட்டுப்பாடு. 1940களின் தொடக்கத்துக்குள் திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி, மொரப்பூர் – ஓசூர் இரண்டும் இல்லாமல் போயின.

கேஜ் குறுகலாக இருந்ததுதான் காரணம் என்று இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறவர்கள் உண்டு. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மகாராஷ்டிரத்தில் பார்சி லைட் ரயில்வே என்று ஒன்று இருந்தது. அதே 2 அடி 6 அங்குலம். எவரார்ட் கால்த்ராப் என்ற பொறியாளர் 1897-ல் தொடங்கியது. எல்லா வண்டிக்கும் அச்சுக்கு 5 டன் என்று ஒரே அளவாக வைத்து, லேசான தண்டவாளத்திலேயே நல்ல பாரம் இழுக்கும்படி அதை வடிவமைத்தார். பருத்தியை ஏற்றினார்கள், பண்டரிபுரம் போகும் பக்தர்களை ஏற்றினார்கள். ஒரு பக்கம் லாத்தூர், இன்னொரு பக்கம் மிரஜ் என்று நீட்டிக்கொண்டே போய் 1927 வாக்கில் 200 மைலுக்கு மேல் ஆக்கினார்கள். அந்தப் பாதை ஒரு நூற்றாண்டு ஓடி, பிறகு அகலப்பாதையாக மாறி இன்றும் ஓடுகிறது. அதே கேஜ்தான். வித்தியாசம் எங்கே என்றால், அது அந்த வட்டாரத்தின் சந்தைகளை ஒன்றோடொன்று இணைத்தது. எங்களுடையது இணைக்கவில்லை.

விளைச்சலை மையமாக வைத்து ரயிலை யோசிப்பது எப்படி இருக்கும் என்பதற்கு இன்னும் நல்ல உதாரணங்கள் உண்டு. பிரான்சில் பால் தெகோவில் என்ற பண்ணைக்காரர் 1870களின் நடுவில் தன் சர்க்கரைக் கிழங்கு விளைச்சலைச் சேற்று நிலத்திலிருந்து வெளியே கொண்டுவர முடியாமல் திண்டாடினார். வண்டிச் சக்கரம் சேற்றில் புதைந்தது. அவர் செய்தது இதுதான்: இரண்டு தண்டவாளத்தை இரும்புக் குறுக்குப்பட்டையோடு சேர்த்தே துண்டு துண்டாகச் செய்தார். ஒரு துண்டை இரண்டு ஆள் தூக்கிக்கொண்டு போய் வயலிலேயே வைக்கலாம். அடுத்த துண்டை அதோடு மாட்டலாம். அறுவடை முடிந்ததும் எடுத்துக்கொண்டு அடுத்த வயலுக்குப் போகலாம். அந்த முறை உலகெங்கும் பரவியது. ஜாவாவின் கரும்புக் காடுகளில் பரவியது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 2 அடி கேஜில் ஏறத்தாழ 4,000 கி.மீ. கரும்பு ரயில் பாதைகள் இன்றைக்கும் வேலை செய்கின்றன. வெட்டிய கரும்பு வயலோரத்திலேயே ரயில் பெட்டியில் விழுகிறது, ஆலையில் போய்த்தான் நிற்கிறது.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் முதல் உலகப் போர் முடிந்ததும் போர்முனைப் பதுங்குகுழிகளுக்குச் சாமான் கொண்டுபோன 600 மி.மீ. ரயில் சாமான்கள் மலிவாக ஏலத்துக்கு வந்தன. உருளைக்கிழங்குப் பண்ணைக்காரர்கள் அவற்றை வாங்கி வயலுக்கும் பெரிய ரயில் நிலையத்துக்கும் நடுவே போட்டுக்கொண்டார்கள். நாக்டன் என்ற பண்ணையில் இருபது மைலுக்கு மேல் இருந்தது. 1950களிலும் 60களிலும் கான்கிரீட் சாலையும் டிராக்டரும் வந்து அவற்றையும் முடித்துவைத்தன. நாக்டன் பாதை 1969 வரை தாக்குப்பிடித்தது. அந்த வண்டிகளில் சிலவற்றை ஆர்வலர்கள் காப்பாற்றி, 1960-லேயே கடற்கரையோரம் ஒரு சின்ன ரயில் பாதை போட்டு ஓட்டினார்கள். அந்த வண்டிகளை இப்போதும் போய்ப் பார்க்கலாம், ஏறலாம். உருளைக்கிழங்கு ஏற்றிய வண்டி ஒரு வட்டாரத்தின் வரலாறு என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

நம் வட ஆற்காடு இந்த வரலாற்றில் பின்தங்கிய ஊர் அல்ல. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வந்து நின்றது வாலாஜா ரோட்டில். 1865-ல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 3 அடி 6 அங்குல கேஜில் இந்தியன் டிராம்வே கம்பெனி ஒரு லேசான பாதை போட்டது. பெரிய பாதைக்கு ஊட்டம் கொடுக்கும் மலிவான கிளைப் பாதை என்ற யோசனை தெற்கே முதலில் பரீட்சிக்கப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று. 1878-ல் அதை மீட்டர் கேஜாக மாற்றினார்கள். 1891-ல் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர் வழியாகக் காட்பாடிக்கு மீட்டர் கேஜ் வந்தது. போளூர், திருவண்ணாமலைப் பக்கத்து மல்லாட்டை (நிலக்கடலை) அந்தப் பாதையில் விழுப்புரம் போய்ப் புதுச்சேரியில் கப்பலேறியது. அங்கே கை மாறவில்லை, பாதை துறைமுகம் வரைக்கும் போனது, அதனால் சரக்கு கிடைத்தது. அதே சரக்கு காட்பாடி வழியாகச் சென்னைக்குப் போக வேண்டுமென்றால் அங்கே கேஜ் மாறும், மூட்டை இறங்கி ஏற வேண்டும். 2010 வாக்கில் அந்தப் பாதை முழுதும் அகலமான பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

கேஜ் தொல்லை தீர்ந்துவிட்டது, இனி என்ன பிரச்சினை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்தைப் பொறுத்தவரை, அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது.

இன்றைக்குச் சரக்கு ரயில் என்றால் முழு ரயில். நாற்பது வேகனுக்கு மேல் ஒரே சரக்கு, ஒரே இடத்திலிருந்து, ஒரே இடத்துக்கு. சிமெண்டுக்கும் நிலக்கரிக்கும் உரத்துக்கும் அரசு நெல்லுக்கும் அது சரி. எங்கள் தாலுகாவின் புளி வியாபாரிகள் எல்லோரும் சேர்ந்தாலும் ஒரு நாளில் நாற்பது வேகன் நிரப்ப முடியாது. மாங்காய் காலத்தில் சரக்கு நிறைய இருக்கும், ஆனால் அது பத்து இடத்துக்குப் போகிற சரக்கு, நாலு நாள் தாங்காத சரக்கு. சின்ன அளவில் சரக்கு போட வேண்டுமென்றால் பயணிகள் ரயிலோடு கோத்து வரும் பார்சல் வேன்தான் வழி. அது நிற்கும் ஸ்டேஷனில்தான் கொடுக்க முடியும், அந்த வண்டியும் இரண்டு மூன்று நிமிடம்தான் நிற்கும். ஒரு ஸ்டேஷனில் மாங்காய்ப் பெட்டிகளோடு போய் நின்றபோது, இடமில்லை, அடுத்த வண்டியைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வண்டி மறுநாள். பெட்டிகளைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றி, அன்று இரவே லாரியில் போட்டு அனுப்பினோம். லாரிக்காரர் சொன்ன வாடகையில் பேரம் பேசும் நிலைமையில் நாங்கள் இல்லை. அந்தக் காலத்துத் திருப்பத்தூர் மேடையில் மூட்டைகள் காத்துக் கிடந்ததற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

2020 ஆகஸ்டில் கிசான் ரயில் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியிலிருந்து பீகாரின் தானாபூருக்கு முதல் வண்டி போனது. பழம், காய்கறிக்குக் கட்டணத்தில் 50 சதவீதம் மானியமும் கொடுத்தார்கள். வழியில் பல ஸ்டேஷன்களில் நின்று, சிறு விவசாயியின் சில பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டது. அதாவது ரயில்வேயால் இது முடியும். முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். ராயக்கோட்டையில் தக்காளி மண்டி இருக்கிறது, கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் ஆலைகள் இருக்கின்றன, ஜவ்வாது மலையிலிருந்து புளியும் கடுக்காயும் தேனும் சாமையும் கீழே இறங்குகின்றன, வேலூர் பக்கம் இலவம்பாடி முள் கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. இத்தனையும் இந்தப் பாதையைச் சுற்றிய வட்டாரத்தில் இருக்கும்போது, அந்தப் பாதையை வெறும் பயணிகள் பாதையாக வரைவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எனவே நான் கேட்பவை இவை. முதலில், போக்குவரத்துக் கணக்கு எடுக்கும்போது தேசிய நெடுஞ்சாலையில் நின்று லாரிகளை எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். எங்கள் சரக்கில் பெரும் பகுதி அந்தச் சாலைக்கு வரும் முன்பே மினி லாரியிலும் டிராக்டரிலும் உள்ளூர் மண்டிக்கும் ஆலைக்கும் போய்விடுகிறது. கந்திலிச் சந்தைக்கு வாருங்கள், பர்கூருக்குப் போங்கள், ராயக்கோட்டை மண்டியில் அதிகாலையில் போய் நின்று பாருங்கள். வருடம் முழுக்க ஒரே அளவாகச் சரக்கு இருக்காது. தை முதல் பங்குனி வரை புளி, சித்திரை முதல் ஆடி வரை மா, தக்காளி எப்போதும் உண்டு ஆனால் விலை மட்டும் நிற்காது. ஒரு வாரம் எடுத்த கணக்கை வருடக் கணக்காக நீட்டினால் இந்தப் பாதை மறுபடியும் கட்டுபடியாகாது என்றுதான் பதில் வரும். பருவம் பருவமாக எடுங்கள்.

இரண்டாவது, வரப்போகும் சிறு ஸ்டேஷன்களுக்கு நிலம் எடுக்கும்போதே ஒரு சின்ன கூட்ஸ் ஷெட்டுக்கும் ஒரு துணைத் தண்டவாளத்துக்கும் சேர்த்து எடுங்கள். பிறகு சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். மேலே கூரை, கீழே லாரி மட்டத்துக்கு மேடை, ஒரு எடை மேடை, மின் இணைப்பு. மழை, வெயில் படாமல் முப்பது நாற்பது டன் சரக்கு ஒரு ராத்திரி தங்கும் இடம். எல்லா ஸ்டேஷனிலும் வேண்டாம், திருப்பத்தூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே ஓர் இடம், கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே ஓர் இடம் இருந்தாலே போதும். அங்கே இரண்டு வேகனோ மூன்று வேகனோ நிறுத்திவைத்து, நிரம்பியதும் போகிற வண்டியில் கோத்து அனுப்பும் ஏற்பாடு வேண்டும். எந்த இடங்கள் என்று மண்டிக்காரர்களோடும் உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளோடும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, ஓசூர் இணைப்பு. பழைய பாதை முட்டுப் பாதையாக இருந்ததைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன். புதிய பாதை ஓசூரில் போய் இணைந்தாலும், அங்கே ரயில்வே மாறுவதால் வண்டி நேரம், வேகன் ஒதுக்கீடு, கட்டண முடிவு எல்லாம் இரண்டு அலுவலகத்துக்கு நடுவே ஆடிக்கொண்டிருக்கக் கூடாது. பாதை திறப்பதற்கு முன்பே இரண்டு பொது மேலாளர்களும் பேசி இதற்கு ஒரு வழி செய்யுங்கள்.

கடைசியாக மாவட்ட ஆட்சியர்களிடம் ஒன்று. பழைய நேரோ கேஜ் பாதை போன தடம் வருவாய்த்துறைப் பதிவேடுகளில் இருக்க வேண்டும். பழைய நில அளவை வரைபடங்களில், கிராமக் கணக்குகளில், ரயில்வேக்கு எடுத்த நிலம் என்று குறித்திருப்பார்கள். அந்தத் தடத்தில் வீடுகளும் சாலைகளும் தோப்புகளும் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. யாருடைய பட்டாவையும் தொட வேண்டாம். அந்தக் காகிதங்களை ஒரு கோப்பாகச் சேர்த்து, கிராம வாரியாக ஒரு வரைபடம் தயாரித்து, எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கும் ரயில்வே அரசாணைகளோடு ஒப்பிட்டு வெளியிடுங்கள். ஒரு பிரதி வேலூர்க் கோட்டையில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு, ஒன்று திருச்சி ரயில்வே அருங்காட்சியகத்துக்கு. புதிய பாதையை அளக்கும் பொறியாளர்களுக்கும் அது உதவும். நூறு வருடத்துக்கு முன்பு சரிவு பார்த்து, ஓடை பார்த்து, பாறை பார்த்து ஒரு தடம் தேர்ந்தெடுத்தவர்களின் வேலை அது. அதிலிருந்து கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கத்தான் செய்யும்.

இதில் அவசரமும் உண்டு. அந்த ரயிலில் சின்ன வயதில் ஏறியவர்கள் இன்று உயிரோடு இருந்தால் தொண்ணூறு தாண்டியிருப்பார்கள். என் தாத்தா அதைச் சின்ன வண்டி என்றுதான் சொல்வார். கிருஷ்ணகிரிச் சந்தைக்குத் தன் அப்பாவோடு அதில் போனதையும், ஏற்றத்தில் வண்டி திணறும்போது பையன்கள் இறங்கிக் கூடவே ஓடியதையும் சொல்லியிருக்கிறார். அதை எழுதிவைக்க எங்கள் வீட்டில் யாருக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. இன்னும் சொல்ல ஆள் இருக்கும் வீடுகள் இந்தத் தாலுகாவில் சிலவாவது இருக்கும். மாவட்ட நிர்வாகம் பள்ளி ஆசிரியர்கள் மூலமாக ஒரு சுற்று கேட்டு எழுதிவாங்கினால் நல்லது.

ஆய்வுக் குழு எந்த ஊருக்கு எந்தத் தேதியில் வருகிறது என்பதை முன்கூட்டியே பஞ்சாயத்து அலுவலகங்களில் ஒட்டச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்துப் புளி, மா, தேங்காய் வியாபாரிகளும் விவசாயிகளும் ஐந்து வருடத்து எடைச்சீட்டு, லாரி வாடகை ரசீது எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு காத்திருப்போம். எந்த மாதத்தில் எவ்வளவு சரக்கு, எந்த ஊருக்கு, என்ன வாடகையில் போனது என்பதை அதிலிருந்தே நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
திருப்பத்தூர் தாலுகாவிலிருந்து ஒரு புளி, மா விவசாயி